ஆறு முறை மின்னினால் என்ன அர்த்தம்?

(மேட்டூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

டிவி படம் காட்டாமல் நின்றுபோய், அடியில் ஓரமாக இருக்கும் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னுவது இன்று மேட்டூரிலும் மேச்சேரியிலும் யாருக்கும் புதிய காட்சி இல்லை. ஆறு முறை மின்னும், கொஞ்சம் நிற்கும், மறுபடியும் ஆறு முறை மின்னும். வீட்டாருக்கு அது எரிச்சல். சர்வீஸ் கடைக்கு அது தகவல். போனில் தேடினால், ஆறு என்றால் பேக்லைட் என்று ஒருவர் சொல்வார், பேனலே போச்சு என்று இன்னொருவர் சொல்வார், போர்டை மாற்றுங்கள் என்று மூன்றாமவர் சொல்வார். மூவரும் அந்த எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். என் கருத்து வேறு. அந்த எண் சாட்சி சொல்கிறது, அவ்வளவுதான். கோளாறு எந்த இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். எந்த இடத்தில் உண்டானது என்பது இருக்காது. இந்த வேறுபாடு தெரியாதவர் கையில் அந்த எண் செலவைக் கூட்டும், தெரிந்தவர் கையில் பாதி வேலையைக் குறைக்கும். அதனால்தான் அந்த எண்களின் பொருள் கம்பெனியின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது என்றும் சொல்கிறேன்.

பழைய பெட்டி டிவிக்கு இப்படி ஒரு விளக்கு தேவைப்படவில்லை. அதன் நோய் திரையிலேயே தெரிந்தது. படம் முழுவதும் மறைந்து நடுவில் படுக்கைவாக்கில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு நின்றால் வெர்டிகல் பகுதி செத்துவிட்டது என்று எந்த மெக்கானிக்கும் பெட்டியைத் திறக்காமலே சொல்வார். மூலையில் நிறம் திட்டுத் திட்டாகப் படிந்தால் டீகாஸ் காயிலையும் அதன் போசிஸ்டரையும் பார்ப்பார். படம் நான்கு பக்கமும் சுருங்கினால் பவர் சப்ளையில் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது என்பார். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. நங்கவள்ளியிலிருந்து ராசிபுரம் வரை ஊருக்கு ஊர் டிவி ரிப்பேர் கடை தழைத்ததற்கு அந்தப் பெட்டிகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அன்றைய மெக்கானிக்கின் படிப்பு பெரும்பாலும் திரையைப் படிப்பதுதான். எல்.ஈ.டி. டிவி வந்ததும் அந்தப் படிப்புக்கு வேலை குறைந்துபோனது. இன்றைய டிவி தன் நோயை வெளியே காட்டுவதற்கு முன்பே தன்னை அணைத்துக்கொள்கிறது. திரை கறுத்துவிடுகிறது. மிஞ்சுவது அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான்.

அணைத்துக்கொள்வது எப்படி என்று பார்த்தால்தான் எண்ணின் எல்லை புரியும். பிளக்கைச் சொருகியதும் டிவி முழுவதும் விழித்துக்கொள்வதில்லை. ஸ்டேண்ட்பை சப்ளை என்ற சிறு பகுதி மட்டும் 5 வோல்டோ 3.3 வோல்டோ கொடுத்து ஒரு மைக்ரோ கன்ட்ரோலரை விழிப்பாக வைத்திருக்கும். ரிமோட்டை அழுத்தினால் அந்தக் கன்ட்ரோலர் பவர் சப்ளைக்கு 'வா' என்று சொல்லும். 12 வோல்ட் வரும், மெயின் போர்டு எழும், டிகான் போர்டு பேனலுக்குப் படத்தைத் தள்ளும், கடைசியில் பேக்லைட் எரியும். இந்த வரிசையில் ஆங்காங்கே காவல் போட்டிருக்கிறார்கள். இங்கே வோல்டேஜ் கூடினால் ஒருவன் கத்துவான், அங்கே கரன்ட் அதிகம் போனால் இன்னொருவன் கத்துவான், சூடு ஏறினால் வேறொருவன். சத்தம் கேட்டவுடன் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கத்தியது எத்தனையாவது காவலன் என்பதை விளக்கில் எண்ணிக் காட்டும். கவனிக்க வேண்டியது இதுதான்: காவலன் நிற்பது ஒரு வாசலில்; திருடன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

ஒரு கோளாறை எடுத்து அருகில் போய்ப் பார்ப்போம். 32 அங்குல டிவி, பேக்லைட்டைக் குறிக்கும் எண் வருகிறது. உள்ளே திரைக்குப் பின்னால் எல்.ஈ.டி. மணிகள் பதித்த ஸ்ட்ரிப்புகள் இருக்கின்றன. மணிகள் வரிசையாக ஒன்றோடொன்று தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று திறந்துகொண்டாலும் அந்த வரிசை முழுவதும் இருண்டுவிடும். டிரைவர் ஐசி கரன்ட் போகவில்லை என்று பார்த்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும், வரம்பைத் தொட்டதும் புகார் கொடுக்கும், டிவி அணையும். இது ஒரு காரணம். ஸ்ட்ரிப்பின் கனெக்டர் கருகியிருந்தாலும் இதே புகார்தான் வரும். டிரைவரின் மாஸ்ஃபெட் போயிருந்தாலும் இதேதான். டிரைவருக்கு ஊட்டம் கொடுக்கும் சப்ளையில் ஒரு கண்டன்சர் வலுவிழந்து, பேக்லைட் சுமை ஏறிய நொடியில் வோல்டேஜ் சரிந்தாலும் இதேதான். கரன்டை அளக்கும் சின்ன ரெசிஸ்டர் மதிப்பு மாறியிருந்தாலும் டிரைவர் ஏமாந்து புகார் கொடுக்கும். ஐந்து வேறு வேறு கோளாறுகள், எண் ஒன்றுதான். எண்ணை மட்டும் நம்பி ஸ்ட்ரிப் மாற்றியவருக்கு ஐந்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ அதிர்ஷ்டம் அடிக்கலாம். மற்ற தடவைகளில் புது ஸ்ட்ரிப்பும் அதே ஆறு மின்னலைத்தான் காட்டும்.

இதைப் பிரித்தறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மல்டிமீட்டரை டிரைவரின் வெளியீட்டில் வைத்துக்கொண்டு டிவியை ஆன் செய்ய வேண்டும். ஒரு நொடி வோல்டேஜ் துள்ளி வழக்கத்தைவிட மேலே போய் விழுந்தால் டிரைவர் உயிரோடு இருக்கிறது, வழி அடைத்திருப்பது ஸ்ட்ரிப்பிலோ கனெக்டரிலோ. துள்ளவே இல்லை என்றால் ஸ்ட்ரிப்பைத் தொடக் கூடாது. டிரைவரையும் அதற்கு வரும் சப்ளையையும் பார்க்க வேண்டும். பேக்லைட் டெஸ்டரை ஸ்ட்ரிப் ஒயரில் நேரடியாகக் கொடுத்து எரிகிறதா என்று பார்ப்பது இரண்டாவது சாட்சி. பேனலைக் கழற்றாமலே இவ்வளவும் தெரிந்துவிடும். பேனலைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் ஆபத்தான கட்டம், ஓரத்தில் ஓடும் மெல்லிய ரிப்பன் ஒன்று கிழிந்தால் டிவியே குப்பைதான். ஸ்ட்ரிப் போனது உறுதியானால்கூட அது ஏன் போனது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பல டிவிகளில் பேக்லைட்டை முழு வெளிச்சத்தில் வைத்தே விற்கிறார்கள், கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று. அதே அமைப்பில் வீட்டில் தினமும் பல மணி நேரம் ஓடினால் மணிகள் சூட்டில் வேகும். விவரம் தெரிந்த மெக்கானிக் புது ஸ்ட்ரிப் போட்டதோடு நிற்காமல், கரன்டை நிர்ணயிக்கும் இணை ரெசிஸ்டர்களில் ஒன்றை எடுத்துவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் தணித்துக் கொடுப்பார். இந்தச் செய்தி எந்த எண்ணிலும் வராது.

எண் நேரடியாகத் தப்பான திசையைக் காட்டும் சந்தர்ப்பமும் உண்டு. சப்ளைக் கோளாறு என்று வரும் எண்ணைப் பார்த்துப் பவர் போர்டை மாற்றுகிறார்கள், புதுப் போர்டும் அதையே சொல்கிறது. காரணம், 12 வோல்ட் வழியில் உட்கார்ந்திருக்கும் வேறு யாரோ அதை இழுக்கிறார்கள்: டிகான் போர்டில் ஷார்ட் ஆன ஒரு பொடிக் கண்டன்சர், அல்லது ஆடியோ ஐசி. இங்கே செய்ய வேண்டியது சுமைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. மெயின் போர்டிலிருந்து டிகானுக்குப் போகும் ரிப்பனைப் பிடுங்கியபின் எண் மாறினாலோ மின்னல் நின்றாலோ குற்றவாளி ரிப்பனுக்கு அந்தப் பக்கம். எண் என்ன என்பதைவிட எதைச் செய்தபோது எண் மாறியது என்பது பெரிய தடயம். போர்டே பழுதாக இருக்கும் இடங்களிலும் பெரும்பாலும் கண்டன்சர்தான் முதல் சந்தேகம். எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரின் ஆயுள் வெப்பம் பத்து டிகிரி கூடுவதற்குச் சுமார் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில், சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்குள் அந்தக் கணக்கு எப்படி ஓடும் என்று மேட்டூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி டிவியோடு பிறந்தது இல்லை. 1987 முதல் 1990 வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்த நான்கு 210 மெகாவாட் அலகுகளும், பிறகு சேர்ந்த 600 மெகாவாட் அலகும் இருக்கும் ஊர் இது. அனல் மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். ஒரு அலகு நின்றால் அலாரங்கள் கொத்தாக விழும். அவற்றில் முதலில் விழுந்தது எது என்று தனியாகக் காட்டும் ஏற்பாட்டை அதற்காகவே வைத்திருக்கிறார்கள், பின்னால் விழுந்தவை பெரும்பாலும் முதலாவதன் பிள்ளைகள் என்பதால். விளக்கைத் தவறாகப் படித்ததன் விலையை உலகம் 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பார்த்தது. திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு ஒன்று திறந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டது என்று நினைத்தார்கள். அந்த விளக்கு வால்வைப் பார்த்துச் சொன்னதே இல்லை. மூடச் சொல்லி உத்தரவு போய்விட்டது என்பதை மட்டும் சொன்னது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியாக வெளியேறி, உலையின் எரிபொருளில் சுமார் பாதி உருகியது. அணு உலை எங்கே, 32 அங்குல டிவி எங்கே என்று கேட்கலாம். அளவு வேறு, தவறு ஒன்றுதான்: விளக்கு எதோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்காமல் அதன் பொருளை முடிவு செய்வது.

டிவியில் அந்தக் கேள்விக்கு விடை தேடினால் கதவு அடைத்திருக்கிறது. ஒரே எண் எல்லா டிவியிலும் ஒரே பொருள் தருவதில்லை. 2000களின் நடுவில் வந்த சில சோனி பிராவியா மாடல்களில் பேக்லைட் கோளாறுக்கு 13 முறை மின்னியது. பின்னால் வந்த பல மாடல்களில் அதற்கு 6. ஏழு முறை என்றால் சோனியின் பல மாடல்களில் சூடு. பானசோனிக்கின் பிளாஸ்மா டிவிகளில் அதே ஏழு திரையை இயக்கும் போர்டுகளைக் குறித்தது. சில கம்பெனிகள் எண்ணிக்கையே தருவதில்லை, வெறுமனே மின்னிவிட்டுப் போகும். இதில் வேடிக்கை, வீட்டுக்காரருக்குத் தரும் கையேடு. விளக்கு சிவப்பாக மின்னினால் எத்தனை முறை என்று எண்ணுங்கள், மூன்று நொடி இடைவெளி இருக்கும் என்று சோனியின் கையேடு சொல்கிறது. எண்ணி முடித்ததும் அந்த எண்ணை டீலரிடமோ சர்வீஸ் சென்டரிடமோ சொல்லுங்கள் என்கிறது. அது எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி இல்லை. பொருளைச் சொல்லும் அட்டவணை சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, அது அங்கீகாரம் பெற்றவர்களுக்கு. பணம் கொடுத்து வாங்கியவர் தன் டிவி என்ன சொல்கிறது என்பதைக் கேட்டுப் போய் ஒப்பிக்கும் தூதராக மட்டும் இருக்க வேண்டும்.

இது தவிர்க்க முடியாத ஏற்பாடு இல்லை என்பதற்குச் சான்று தேடிச் சேலம் மாவட்டத்தைத் தாண்டி ரொம்ப தூரம் போக வேண்டாம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நிற்கும் லாரிகளைப் பாருங்கள். இஞ்சினில் கோளாறு என்று டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால், மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகி எண்ணைப் படிக்கிறார். அந்தச் சாக்கெட்டும் அந்த எண்களின் பெரும்பகுதியும் பொதுத் தரத்துக்கு உட்பட்டவை. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் இது கட்டாயமானது, இந்தியாவில் பி.எஸ்.4 காலத்தில் நுழைந்து, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிகளோடு இறுகியது. கம்பெனிகள் தாங்களாக மனம் இரங்கி இதைச் செய்யவில்லை. புகையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் கோளாறைப் படிக்க முடிய வேண்டும் என்று அரசுகள் சட்டம் போட்டன. டிவிக்கு அப்படி ஒரு சட்டம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அது புகை விடாததால். ஆனால் எறியப்பட்ட ஒவ்வொரு டிவியும் மின்னணுக் கழிவுதான், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள் அதன் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில்தான் வைக்கின்றன. குப்பையான பிறகு பொறுப்பு உண்டு, குப்பையாகாமல் தடுக்க உதவும் ஒரு பக்க அட்டவணையைத் தர மட்டும் கடமை இல்லை என்பது விசித்திரமான நியாயம்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று கனமானது. எண்ணின் பொருளை எல்லாருக்கும் சொன்னால் விவரமில்லாதவர் ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே கையை விடுவார், பவர் போர்டின் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும், உயிர் போய்விடும் என்கிறார்கள். அந்த வோல்டேஜ் உண்மை, பயமும் நியாயம். ஆனால் பொருள் தெரியாததால் இன்று யாரும் திறக்காமல் இருக்கிறார்களா? தெரியாமல் திறப்பவர்தான் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார். சூடு என்று தெரிந்தால் பின்னால் உள்ள காற்றுத் துளைகளின் தூசியைத் துடைத்து, சுவரிலிருந்து தள்ளி வைத்துப் பார்ப்பார். பவர் சப்ளை என்று தெரிந்தால் கையை எடுத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுவார். அட்டவணையோடு எச்சரிக்கையையும் சேர்த்து அச்சிடுவதில் காகிதம் ஒன்றும் அதிகம் ஆகாது. தொழில் ரகசியம் என்ற வாதத்துக்கு லாரியே பதில்: இஞ்சின் கோளாறு எண்கள் வெளியே வந்ததால் யாருடைய இஞ்சின் வடிவமைப்பும் களவு போகவில்லை. வாசலில் யார் கத்தினார் என்று சொல்வது வீட்டின் வரைபடத்தைக் கொடுப்பது ஆகாது.

இன்னொரு எதிர்வாதம் கணக்குப் பார்ப்பவர்களுடையது. டிவி மலிந்துவிட்டது, மெக்கானிக் நேரம் விலை ஏறிவிட்டது, உட்கார்ந்து ரெசிஸ்டர் தேடுவதைவிட எண் காட்டும் போர்டை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே லாபம். வாரண்டிக்குள் இருக்கும் டிவிக்கு இதை ஒத்துக்கொள்கிறேன். போர்டு கம்பெனியுடையது, செலவும் அவர்களுடையது, வாடிக்கையாளருக்கு டிவி சீக்கிரம் வந்தால் போதும். வாரண்டி முடிந்தபின் கணக்கு தலைகீழ். அந்த மாடலின் போர்டு கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் பழைய டிவியிலிருந்து கழற்றியதாக இருக்கும், அதன் கண்டன்சர்களும் அதே வயது. பேனல் மாற்றச் சொன்னால் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்ட்ரிப்போ மாஸ்ஃபெட்டோ கண்டன்சரோ அப்படி இல்லை. எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று அளவுகள் எடுக்கும் மெக்கானிக்குக்கு ஆகும் அரை மணி நேரம், விசைத்தறிக் கூலியில் ஓடும் ஜலகண்டாபுரத்துக் குடும்பத்துக்குப் பல ஆயிரம் ரூபாய். அந்த அரை மணிக்கு உரிய கூலியைத் தயங்காமல் கேட்கும் பழக்கம் மெக்கானிக்குகளுக்கும், கொடுக்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 'பார்த்ததற்கா காசு?' என்று கேட்கும் வாடிக்கையாளர்தான் பார்க்காமலே போர்டு மாற்றும் மெக்கானிக்கை உண்டாக்குகிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் டிவி தயாரிப்பாளர்கள் பவர் சப்ளை உள்ளிட்ட சில உதிரி பாகங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், தொழில்முறை ரிப்பேர்க்காரர்களுக்குப் பழுதுபார்ப்புத் தகவலையும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரான்ஸ் அதே ஆண்டு ஜனவரியில், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணை டிவி விற்கும் இடத்திலேயே ஒட்டச் செய்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் இணையதளமும் வந்தது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதன் வரம்புக்குள் உண்டு. அதில் கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மாடல் வாரியாக, எத்தனை மின்னல், எந்தக் காவல் புள்ளி, அங்கே சாதாரணமாக இருக்க வேண்டிய வோல்டேஜ் எவ்வளவு என்ற மூன்று பத்திகள். மூன்றாவது பத்திதான் உயிர். அது இல்லாத அட்டவணை மறுபடியும் ஆறு என்றால் பேக்லைட் என்ற மந்திரத்தில் போய் நிற்கும்.

விளக்குக்கும் வரம்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் நுழைந்த நாளிலோ, கேபிள் ஒயர் வழியாக இடி இறங்கிய நாளிலோ ஸ்டேண்ட்பை சப்ளையே போயிருந்தால் விளக்கு எரியாது, எண்ணும் இல்லை. அங்கே ஃபியூஸிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. மென்பொருள் புதுப்பிக்கும்போது வெள்ளையாக மின்னுவதைக் கோளாறு என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கி, நல்ல டிவியைக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். எனவே நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பாக மின்னினால் அவசரப்பட்டுப் பிளக்கைத் தொடாமல், இரண்டு மூன்று சுற்று முழுதாகப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்து எத்தனை நொடியில் அணைந்தது, அதற்குள் சத்தம் கேட்டதா, திரை ஒரு கணமாவது வெளிச்சம் காட்டியதா என்று கூடவே குறித்துக்கொள்ளுங்கள். இடைவிட்டு வரும் கோளாறானால், பிளக்கைப் பிடுங்கிச் சொருகியதும் டிவி ஒழுங்காக ஓடத் தொடங்கிவிடும், கடையில் கொண்டுபோய் வைத்தால் நாள் முழுக்கப் படம் காட்டும். அப்போது மெக்கானிக்கின் கையில் இருக்கும் தடயம் நீங்கள் எடுத்த அந்த வீடியோ மட்டும்தான்.